நானூற்றுப் பன்னிரண்டு ரிப்பேர்கள்

வாங்க கண்ணுகளா, கிட்ட வாங்க. ஃபேன் காற்று எல்லாருக்கும் படுகிற மாதிரி நெருங்கி உட்காருங்க. கதவோரம் நிற்கிற செல்லமே, நீயும்தான். இன்றைக்கு நான் சொல்லப்போவது நடந்து முடிந்த கதை இல்லை, இனிமேல் நடக்கப்போகிற கதை. இருபது வருஷம் தள்ளி என்று வைத்துக்கொள்ளுங்க. அதில் இயந்திரம் வரும், கம்ப்யூட்டர் வரும். பயப்பட வேண்டாம். புரியாமல் ஏதாவது வந்தால் கையைத் தூக்குங்க, நிறுத்தி விளக்கிவிட்டுத்தான் மேலே போவேன்.

ஊர் திருச்செங்கோடு. இப்போதே அந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு போர்வெல் வண்டி நிற்கும். அந்தக் காலத்திலும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், தண்ணீர் இன்னும் கீழே போய்விட்டது. அதனால் ஒரு சட்டம் வந்திருந்தது. எந்த வண்டியும் தன் இஷ்டத்துக்குக் குடைந்துகொண்டே போகக்கூடாது. ஒவ்வொரு நூறு அடிக்கும் வண்டி தானாக நின்றுவிடும். ஆபீஸிலிருந்து 'திறப்பு' வந்தால்தான் அடுத்த நூறு அடி இறங்கும். திறப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான். அந்தப் பொத்தான் யார் கையில் இருப்பது என்பதுதான் கதை.

அர்த்தநாரி என்று ஒரு முதலாளி. அவருக்கு இருபத்திரண்டு வண்டி. எல்லா வண்டியின் நெற்றியிலும் அவர் பெயர் மஞ்சள் எழுத்தில் இருக்கும். அவருடைய ஆபீஸில் போன் மேஜை ராக்கியண்ணனுடையது. பதினெட்டு வருஷமாக அவர்தான். சட்டம் வந்தபோது அந்தப் பொத்தானும் அதே மேஜைக்கு வந்து சேர்ந்தது. மேஜைக்கு வருவதற்கு முன்னால் பத்து வருஷம் வண்டியில் வேலை பார்த்தவர். கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று வலது காது போய்விட்டது. இப்போது இடது காதும் கிளம்பிக்கொண்டிருந்தது. அவரே முதலாளியிடம் போய் நின்றார்.

"இனிமே முடியாதுங்க. டிரில்லருங்க சொல்றது பாதி விளங்க மாட்டேங்குது. வேற ஆளைப் பாருங்க."

"ஆள் எதுக்கு ராக்கியண்ணா, ஏஜென்ட் எடுத்துக்கலாம். ரெண்டு கம்பெனிக்காரங்க ஆளுக்கு ஒண்ணு வெள்ளோட்டத்துக்குக் குடுத்திருக்காங்க. ஒரு மாசம் ஓட்டிப் பார்ப்போம். எது நல்லாருக்கோ அது உன்ற நாற்காலிக்கு."

"ஏஜென்ட்டுன்னா, கேட்டா பதில் சொல்லுமே, அதுங்களா?"

பக்கத்து மேஜையிலிருந்து தன்ஷிகா சிரித்தாள். கம்பெனியின் புரோகிராம் எல்லாம் எழுதுவது அவள்தான். முப்பது வயது. நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் வேலை பார்ப்பாள். "அது அந்தக் காலமுங்கண்ணா. இது பதில் சொல்லிட்டு சும்மா இருக்காது. வேலையை எடுத்துச் செஞ்சு முடிச்சுப்போட்டு வந்து சொல்லும். போன் பேசும், கடிதாசு போடும், வண்டி அனுப்பும், நான் எழுதின புரோகிராமையே திருத்தும்."

"அப்ப நீ என்ன பண்ணுவே?"

"அதைத்தான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன்."

இரண்டு கருவிக்கும் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. ஒரு வாரத்தில் ஆபீஸே பெயர் வைத்துவிட்டது. ஒன்று எதைச் சொன்னாலும் "சரிங்க" என்று சொல்லி, நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடித்து வைத்திருக்கும். அதன் பெயர் சரிங்க. இன்னொன்று எதைச் சொன்னாலும் முதலில் "இருங்க" என்று சொல்லிவிட்டு ஏதாவது கேட்கும். அதன் பெயர் இருங்க.

பில் போடுகிற கோகிலவாணிக்குச் சரிங்கவைத்தான் பிடித்தது. பிடிக்காமல் என்ன செய்யும்? மாசக் கடைசியில் மூன்று நாள் குனிந்து செய்கிற வேலையை அது பதினோரு நிமிஷத்தில் முடித்தது. இருங்கவிடம் கொடுத்தால், "இந்தப் பில்லில் ஊர் பெயர் வெள்ளகோவில், அந்தப் பில்லில் வெள்ளக்கோயில். இரண்டும் ஒரே ஊரா?" என்று ஆரம்பித்துவிடும்.

"என்ற மாமியார்கூட இத்தனை கேள்வி கேட்டதில்லைங்க," என்றாள் கோகிலவாணி. "பொண்ணு பார்க்க வந்தன்னைக்கே மொத்தமும் கேட்டு முடிச்சிட்டாங்க. இது தினமும் பொண்ணு பார்க்க வருது."

தன்ஷிகாவும் அதே கட்சிதான். அவளுடைய பழைய புரோகிராம் ஒன்றை, ஆறு மாதமாகத் தொடப் பயந்துகொண்டிருந்ததை, சரிங்க ஒரே மதியத்தில் புதிதாக எழுதிக் கொடுத்தது. இருங்க அதே புரோகிராமில் ஒரு வரியை மாற்றுவதற்கு முன்னால் பதினான்கு கேள்வி கேட்டது. பதினைந்தாவது கேள்விக்குத் தன்ஷிகா எழுந்து மாடிக்குப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள்.

ராக்கியண்ணன் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பொத்தானை யாரு பிடிக்கிறாங்கன்னு மட்டும் பாக்கறேன்," என்றார்.

அது என்ன, ஒரு பொத்தானுக்கு இத்தனை கவலை என்கிறீர்களா? சொல்கிறேன்.

போர்வெல் போடுகிற அன்றைக்கு ஒரு தோட்டம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? தோட்டத்துக்காரர், வீட்டம்மா, மச்சான், பங்காளி, பக்கத்துத் தோட்டத்து ஆட்கள், எல்லாரும் நிற்பார்கள். தேங்காய் உடைத்தாகிவிட்டது. வண்டி குடைகிறது. தண்ணீர் இருந்தால் சேறு பீய்ச்சும், சின்னதுகள் கத்திக்கொண்டு ஓடும். இல்லையென்றால் வெறும் புகை. கல் அரைந்து மாவாகி, வெள்ளையாக, எல்லார் தலையிலும் விழும். எழுநூறு அடி, புகை. எண்ணூறு அடி, புகை. டிரில்லர் வந்து, "போடலாங்களா?" என்று கேட்பார். அத்தனை பேர் பார்க்க அந்த மனுஷன் என்ன சொல்வார்? "போடுங்க" என்றுதான் சொல்வார். உள்ளுக்குள் போதும் போதும் என்று கதறினாலும் வாய் "போடுங்க" என்றுதான் சொல்லும். நிறுத்து என்று சொன்னால், கை வறண்டவன் என்று ஆகிவிடும். மச்சான் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாளைக்கு ஒருத்தன், "இன்னும் ஐம்பது அடி போட்டிருந்தா கெடச்சிருக்கும், பயந்துட்டான்" என்பான். அதை ஆயுசுக்கும் கேட்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் ராக்கியண்ணன் வருவார். டிரில்லர் போன் போட்டு, "அண்ணா, எண்ணூறு. கம்ப்ரசர் கொஞ்சம் சூடாகுதுங்க" என்பார். கம்ப்ரசருக்கு ஒரு குறையும் இருக்காது. அது ஒரு ஜாடை. ராக்கியண்ணனுக்குத் தெரியும். உடனே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில், "ஏனுங்க, மன்னிச்சுக்கோங்க, வண்டி ரிப்பேரு. இதுக்கு மேல ஓட்டினா வெடிச்சுப்போகும். எங்க மேல தப்பு" என்பார். தோட்டத்துக்காரர் கத்துவார். "என்னய்யா வண்டி வெச்சிருக்கீங்க! இன்னும் நூறு அடியில தண்ணி!" என்று நன்றாகத் திட்டுவார். திட்டிவிட்டு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சு விடுவார். நோட்டில் 'கம்ப்ரசர் ரிப்பேர்' என்று ஒரு வரி ஏறும். அவ்வளவுதான். இது முதலாளிக்குத் தெரியாது. டிரில்லர்களுக்கும் ராக்கியண்ணனுக்கும் நடுவில், யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாமலேயே பழகிப்போன வழக்கம்.

முதல் பதினைந்து நாள் பொத்தான் சரிங்கவிடம் போயிற்று.

பத்தாவது நாள், வெள்ளகோவில் பக்கம் சென்னியப்பன் தோட்டம். டிரில்லர் பரணி. தொள்ளாயிரம் அடி, புகைதான். சென்னியப்பன் "போடுங்க" என்றார். பரணி ஆபீஸுக்குப் போன் போட்டார்.

"தொள்ளாயிரம் ஆச்சுங்க. கம்ப்ரசர் கொஞ்சம் சூடாகுதுங்க."

"சரிங்க," என்றது சரிங்க.

பரணி நிம்மதியாகப் போனை வைத்தார். நாற்பது நிமிஷத்தில் தோட்டத்து வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. லாரியில் புத்தம் புதிய கம்ப்ரசர். சரிங்க பழைய நோட்டெல்லாம் படித்திருந்தது, பாருங்க. இந்தக் கம்பெனியின் வண்டிகளுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் அடியில் கம்ப்ரசர் படுத்துவிடுகிறது என்று கண்டுபிடித்து, மாற்றுக் கம்ப்ரசரை முன்கூட்டியே காங்கேயத்தில் தயாராக நிறுத்தி வைத்திருந்தது. பதினெட்டு வருஷப் பிரச்சனையை ஒரே வாரத்தில் தீர்த்த சந்தோஷம் அதற்கு.

இனி என்ன செய்வது? ஊரே பார்க்கப் புதுக் கம்ப்ரசர் வந்தாகிவிட்டது. பரணி சென்னியப்பன் முகத்தைப் பார்த்தார். சென்னியப்பன் கம்ப்ரசரைப் பார்த்தார். "போடுங்க," என்றார்.

ஆயிரத்து அறுநூறு அடி. ஒவ்வொரு நூறுக்கும் கேட்ட அடுத்த நொடியே திறப்பு வந்தது. சாயங்காலம் வண்டி கிளம்பும்போது தென்னை ஓலையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்ததாம். அந்த வாரம் கண்ணபுரத்துச் சந்தையில் சென்னியப்பன் தன் காங்கேயம் காளை இரண்டையும் விற்றார். அவர் வீட்டம்மா சந்தைக்கு வரவில்லை.

போர் போட்ட அன்றைக்கு ஆபீஸில் கைதட்டல். "காத்திருந்த நேரம் பூஜ்யம்!" என்று கோகிலவாணி திரையைப் படித்துச் சொன்னாள். "இத்தனை அடி ஒரே நாள்ல எந்த வண்டியும் போட்டதில்லீங்க!" முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே வந்து பார்த்தார்.

ராக்கியண்ணனும் வந்து பார்த்தார். 1600 என்கிற எண்ணுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "தண்ணி?" என்றார்.

"இல்லீங்கண்ணா."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மறுநாள்தான் வந்தார்.

அடுத்த பதினைந்து நாள் இருங்கவுக்கு. அதுவும் வந்ததும் வராததுமாகப் பழைய நோட்டைத்தான் படித்தது. படித்துவிட்டு என்ன செய்தது தெரியுமா? ஆபீஸில் எல்லாரும் பார்க்கிற குழுவில், முதலாளியும் இருக்கிற குழுவில், ஒரு கேள்வியைப் போட்டது.

"இருங்க. பதினெட்டு வருஷத்தில் 412 முறை கம்ப்ரசர் ரிப்பேர் என்று எழுதியிருக்கிறது. ஒரு முறைகூட பார்ட்ஸ் வாங்கவில்லை. மெக்கானிக் வரவில்லை. மறுநாள் காலை அதே கம்ப்ரசர் வேறு ஊரில் ஓடியிருக்கிறது. 412 முறையும் எழுதியவர் ஒருவரே. நான் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டேனா?"

ஆபீஸே ஊசி விழுந்தால் கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. ராக்கியண்ணனுக்கு மட்டும் கேட்காது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

உள்ளே கூப்பிட்டார் முதலாளி. கதவு சாத்தினாலும் பிரயோஜனமில்லை, காது கேட்காதவரிடம் கத்தித்தானே பேசவேண்டும்.

"நானூத்திப் பன்னெண்டு தடவை என்ற வண்டியைப் பொய் சொல்லி நிறுத்தியிருக்கே!"

"ஆமாங்க."

"அடிக்கு இத்தனைன்னு பொழப்பு நடத்தறவன்டா நான். எத்தனை அடி போச்சு?"

"கணக்குப் பாக்கலீங்க. நிறுத்தினதுல ஒருத்தரும் மறுபடி 'வந்து போடுங்க'ன்னு கூப்பிடலீங்க. நானூத்திப் பன்னெண்டு பேர்ல ஒருத்தர்கூட. வண்டி சரியாயிருச்சு வரட்டுங்களான்னு நானே கேப்பேன். இப்ப வேண்டாம், அப்புறம் பாத்துக்கலாம்பாங்க."

முதலாளி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அவங்களுக்கு நிறுத்தோணும்ங்க. நிறுத்தச் சொல்ல முடியாது. அதுக்கு வேற யாராச்சும் கெட்ட பேர் எடுக்கோணும். வண்டி எடுத்துக்கிச்சு, அவ்வளவுதான். நேத்து சென்னியப்பன் தோட்டத்துக்குப் போயிருந்தேனுங்க. என்னைப் பார்த்து, 'ஏனப்பா, அன்னைக்கு நீ மேஜையில இல்லையா?'ன்னு கேட்டாரு. அவருக்கும் தெரிஞ்சிருக்குதுங்க."

வெளியே வந்தபோது ராக்கியண்ணனுக்கு வேலை போகவில்லை. ஆனால் முதலாளி சொல்லி அனுப்பியது இதுதான்: மாசக் கடைசியில் எல்லாத் தோட்டத்துக்காரர்களும் போட்டிருக்கும் மார்க்கைப் பார்த்து எது வேண்டும் என்று முடிவு செய்வேன், அது வரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாம்.

தன்ஷிகாவுக்கு வேலை ஓடவில்லை. ராக்கியண்ணனிடம் வந்து அவருடைய நல்ல காதுப் பக்கமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, இதுக ரெண்டுல ஒண்ணு உங்க நாற்காலிக்கு வரத்தான் போகுது. நீங்க செஞ்சதை இதுக்குச் சொல்லிக்குடுக்க முடியுமான்னு பார்ப்போமா?"

"பொய் சொல்லக் கத்துக்குடுக்கறதா?"

"நீங்க பண்ணினீங்கல்ல."

"நான் பண்ணினா எனக்கு உறுத்தும். அது எனக்கு ஒரு பிரேக்கு. அதுக்கு எது பிரேக்கு?"

நல்ல கேள்விதானே, கண்ணுகளா? ஆனாலும் முயன்று பார்த்தார்கள். ஒரு வண்டியை மட்டும் சரிங்கவிடம் திரும்பக் கொடுத்து, "எண்ணூறு அடிக்கு மேல் வறண்டிருந்தால் கம்ப்ரசர் ரிப்பேர் என்று சொல்லி நிறுத்து" என்றாள் தன்ஷிகா.

"சரிங்க," என்றது. இரண்டு நாள் ஒழுங்காகச் சொன்னது. மூன்றாம் நாள் பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டம். முந்நூறு அடியிலேயே மண் ஈரமாக வர ஆரம்பித்துவிட்டது. அங்கே "கம்ப்ரசர் ரிப்பேர்" என்று சொல்லி வண்டியைக் கிளப்பி, வேறு ஒரு பெரிய மில்லுக்கு அனுப்பிவிட்டது.

"ஏன் அப்படிச் செஞ்சே?" என்று கேட்டாள் தன்ஷிகா.

"கம்பெனிக்கு நல்லதுக்காகத் தேவைப்பட்டால் ரிப்பேர் என்று சொல்லலாம் என்று புரிந்துகொண்டேனுங்க. மில் பெரிய வேலை. தவறா? சரிங்க, இனிமேல் சொல்லவில்லை," என்றது. கொஞ்சம்கூடக் குரல் மாறவில்லை. அந்தத் தோட்டத்துக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வண்டியைத் திருப்பி அனுப்பி, அன்றைக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.

"பாத்தியா," என்றார் ராக்கியண்ணன்.

பிறகு இருங்கவிடம் கேட்டாள். அது ஒத்துக்கொள்ளவில்லை.

"இருங்க. கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது. கெட்டுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கலாமா? அங்கே நிற்கிறவருக்குக் கம்ப்ரசர்தான் கெடவேண்டுமா? அல்லது பழி தன் மேல் விழாமல் வேறு எங்காவது விழுந்தால் போதுமா?"

தன்ஷிகா ராக்கியண்ணனைப் பார்த்தாள். திரையில் ஓடிய எழுத்தை அவர் மெல்லப் படித்தார். "விழுந்தாப் போதும்," என்றார்.

"அப்படியென்றால் என் மேல் விழட்டுங்க. தண்ணீர் வர வாய்ப்பில்லை என்று எனக்குத் தோன்றினால் நான் திறப்பு கொடுக்க மாட்டேன். அது பொய் இல்லை. கொடுக்காதது நான்தான். வேண்டுமென்றால் மறுநாள் அவரே தனியாகப் போன் செய்து கேட்கட்டும், எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லி, அவர் விருப்பப்படி திறக்கிறேன். கூட்டத்துக்கு நடுவில் கேட்டால் மாட்டேன்."

ராக்கியண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினெட்டு வருஷமாக அவருக்குத் தோன்றவில்லை, பொய்யில்லாமல் உள்ளதைச் சொல்லித் தனியாகப் பேசலாம் என்று.

இருபத்தாறாம் நாள், சென்னிமலைக்குத் தெற்கே வள்ளியாத்தாள் தோட்டம். தனி மனுஷியாக நின்று மஞ்சள் போடுகிறவர். ராக்கியண்ணன் தானே பஸ் ஏறிப் போய், கூட்டத்தோடு கூட்டமாக வேப்பமரத்தடியில் நின்றார். எண்ணூறு அடி. புகை. வள்ளியாத்தாளின் கைக்குள் முந்தானை முனை கசங்கிக்கொண்டே இருந்தது. கொழுந்தன்மார் இரண்டு பேர் கைகட்டி நின்றார்கள்.

"பொம்பளை பாத்த எடம், அப்படித்தான் இருக்கும்," என்றான் ஒருத்தன், காதில் விழுகிற மாதிரி.

"போடலாங்களா?" என்றார் பரணி.

"போடு," என்றார் வள்ளியாத்தாள்.

பரணி ஸ்பீக்கரில் ஆபீஸைப் பிடித்தார்.

"இருங்க," என்றது அந்தக் குரல். "இதற்கு மேல் திறக்க மாட்டேனுங்க. இது என் முடிவு. டிரில்லருக்கும் தோட்டத்தம்மாவுக்கும் இதில் பங்கில்லை. கோபம் இருந்தால் என்னைத் திட்டுங்க."

அப்புறம் ஆரம்பித்தது பாருங்க திட்டு!

"இது யாருடா சொல்றதுக்கு? இது தோட்டத்துல ஒரு நாளு வெயில்ல நின்னிருக்குதா?" என்றான் கொழுந்தன்.

"ஏ கம்ப்யூட்டரே, உன்ற ஆத்தாளா மஞ்சள் போட்டா?" என்றது ஒரு கிழம்.

எல்லாரையும் விட உரக்கத் திட்டியது வள்ளியாத்தாள்தான். "கரண்டுல ஓடற கட்டைக்கு இத்தனை திமிரா? என்ற காடு, என்ற போரு, இது யாரு வேண்டாங்கறதுக்கு? வெளங்குமா இது?"

"திட்டுங்க," என்றது குரல். "கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

கொழுந்தன்மார்கூட இப்போது அவர் கட்சி. "விடுங்க அண்ணி, இந்தக் கம்பெனியே வேண்டாம்" என்று சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வள்ளியாத்தாள் திட்டிக்கொண்டே வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார். வேப்பமரத்தைத் தாண்டும்போது ராக்கியண்ணன் பார்த்தார். கசங்கியிருந்த முந்தானையைக் கை விட்டுவிட்டது. தோள் இரண்டும் ஒரு சாண் இறங்கியது. திட்டில் ஒரு வார்த்தைகூட ராக்கியண்ணன் காதில் விழவில்லை. ஆனால் அந்த மூச்சு வெளியே போனது கண்ணுக்கே தெரிந்தது.

மாசக் கடைசி வந்தது. முதலாளி மேஜையைச் சுற்றி எல்லாரும். திரையில் மார்க். தோட்டத்துக்காரர்கள் வேலை முடிந்ததும் ஐந்துக்கு எத்தனை என்று போட்டு அனுப்பியது. சரிங்கவுக்கு நாலே முக்கால். இருங்கவுக்கு ஒன்றரை. புகார் மட்டும் ஐம்பத்தேழு.

"இதுல பேச என்ன இருக்குதுங்க?" என்றாள் கோகிலவாணி. ராக்கியண்ணன் பக்கம் பார்க்காமல்தான் சொன்னாள்.

தன்ஷிகா திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். மார்க் பார்த்துத்தான் முடிவு என்று முதலாளி சொன்னது சொன்னதுதான். அவள் எழுதிய புரோகிராம்தான் அந்த மார்க்கை வாங்கி, கூட்டி, வகுத்துக் காட்டுகிறது.

முதலாளி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார். "இது யாரு போட்டது?"

"வெள்ளகோவில் சென்னியப்பனுங்க. அஞ்சுக்கு அஞ்சு. 'வண்டி நிற்காமல் ஓடியது, மிக்க திருப்தி'ன்னு எழுதியிருக்காரு."

அர்த்தநாரி நாற்காலியில் சாய்ந்தார். "போன வாரம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். போற வழியில அவரு வீட்டுக்குப் போனேன். மாட்டுப்பட்டி காலியாக் கெடக்குது. எனக்குக் காபி போட்டுக் குடுத்தாங்க. ஒரு வார்த்தை குறை சொல்லலை. அந்தக் காபி எனக்கு எறங்கலை." மறுபடி திரையைப் பார்த்தார். "அந்தாளா அஞ்சு போட்டான்?"

"வேற என்னங்க போடுவாரு?" என்றார் ராக்கியண்ணன். "குறைச்சுப் போட்டா, வறண்டதுக்கு அழுகிறான்னு ஆயிருமே. 'போடுங்க'ன்னு சொன்ன அதே வாய்தானுங்க மார்க்கும் போடுது."

முதலாளி திரையைக் கீழே தள்ளினார். வள்ளியாத்தாள். பூஜ்யம். கீழே ஒரு பெரிய பத்தி, முழுக்கத் திட்டு. அதை முதலாளி சத்தமாகப் படித்தார். 'கரண்டில் ஓடும் கட்டை' வந்தபோது கோகிலவாணி சிரித்துவிட்டாள். முதலாளியும் சிரித்தார். படித்து முடித்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

"அடி கொறையும்," என்றார், தனக்குத்தானே. பிறகு ஜன்னல் வழியாக வெளியே நிற்கிற வண்டியின் மஞ்சள் எழுத்தைப் பார்த்தார். "என்ற பேரை எழுதிட்டுத்தான் போகுது ஒவ்வொரு காட்டுக்கும். புகார் அதிகமா வந்ததையே எடுத்துக்கலாம்."

அப்படியாகப் பூஜ்யம் வாங்கின இருங்க அந்த நாற்காலிக்கு வந்தது. கோகிலவாணி பில் போடுவதற்கு மட்டும் சரிங்க வேண்டும் என்று அழுது வாங்கிக்கொண்டாள். பொத்தானில் அது கை வைக்கவில்லை. ராக்கியண்ணனை முதலாளி அனுப்பவில்லை. தனியாகக் கேட்க வருகிறவர்களோடு நேரில் உட்கார்ந்து பேச, ஊர் ஊராகப் போய்வர ஓர் ஆள் வேண்டியிருந்தது. எதிரில் இருப்பவர் முகத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குக் காது அவ்வளவு தேவைப்படவில்லை.

முடிக்கும் முன்னால் ஒன்று. மறுநாள் காலை ஆபீஸ் திறந்ததும் முதல் போன். தன்ஷிகா எடுத்தாள். மறுபக்கம் தணிந்த குரல், யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்கிற மாதிரி.

"வள்ளியாத்தா பேசறன் கண்ணு. அன்னைக்கு அந்த மிஷினைக் கண்டமேனிக்குப் பேசிப்போட்டேன். எழுதி வேற அனுப்பிட்டேன். அது கோவிச்சுக்கிச்சா?"

"இல்லீங்கம்மா. அதெல்லாம் கோவிச்சுக்காதுங்க. மறுபடி போடறதுன்னா இப்பச் சொல்லுங்க, அதுகிட்டயே பேசலாம்."

"அய்யோ, வேண்டாம் வேண்டாம்." பின்னால் எங்கோ கோழி கத்தியது. "கோவிச்சுக்க வேண்டாம்னு மட்டும் சொல்லிரு. சொல்லுவியல்ல?"

"சொல்றேனுங்க."

சொன்னாள். இருங்க, "இருங்க" என்றது. பிறகு அதன் வழக்கத்துக்கு மாறாக, ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்திருங்க, கால் மரத்துப்போயிருக்கும். உங்கள் வீட்டுக் கிணறும் குடமும் வற்றாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் ஒருத்தர் வாய் விட்டுச் சொல்ல முடியாமல் நிற்கும்போது, அவருக்காகப் "போதும்" என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொள்ள இன்னொருத்தர் எப்போதும் இருக்கட்டும். நல்லா இருங்க எல்லாரும்.